சங்கிலியின் மறுமுனை

என் மனைவி மலை ஏறுகிறவள். நான் மாடிப்படி ஏறவே யோசிக்கிறவன். இருபத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதுவரை பெரிய சேதம் ஒன்றும் இல்லை.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சலவை மெஷின்கள், இன்னொரு பக்கம் உலர்த்தும் மெஷின்கள், நடுவில் உருளை மெஷின். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் உள்ளே விடுவார்கள். அது சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி, சுருக்கம் இல்லாமல் அந்தப் பக்கம் வரும். அங்கே நிற்கும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள் இவள். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. கூட வேலை செய்பவர்கள் இவளைக் கூப்பிடுவதே ‘மடிப்பக்கா’ என்றுதான்.

அந்த அறையில் யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. அதனால் துணியாலேயே பேசுவார்கள். விரிப்பின் முனையை ஒரு தடவை சுண்டினால் ‘நான் தயார்’. இரண்டு தடவை சுண்டினால் ‘கொஞ்சம் நில்லு, என் பக்கம் சரியில்லை’. இவ்வளவுதான் அவர்கள் பாஷை. இதை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். நாங்கள் ஊர்ப்பட்ட வார்த்தைகளை வைத்துக்கொண்டு தினமும் சண்டை போடுகிறோம்.

அந்தச் சத்தம் அவள் காதைத் தின்றுவிட்டது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருக்கிறாள். அது இருந்தால் ஓரளவு கேட்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். என் வேலையோ பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னல். காலையிலிருந்து ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நூறு பேருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவனிடம், “என்ன சொன்னீங்க?” என்று ஒருத்தி இரண்டாவது தடவை கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். “ஒண்ணுமில்ல, விடு” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நான் மட்டும் நல்லவன் ஆகிவிடுவேன்.

எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறவளுக்கு நடக்கத்தான் ஆசை வரும்போலிருக்கிறது. முதலில் லீவு நாளில் பக்கத்துக் குன்றுக்குப் போனாள். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் என்று நீண்டது. எப்போதும் தனியாகத்தான் போவாள். “கூட ஒரு ஆள் வந்தா பேசணும், அவங்க பேசறதைக் கேக்க அவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நடக்கணும், அப்புறம் மலையை எப்பப் பாக்கறது?” என்பாள். கடைசியில் பதினாலு நாள் நடக்கிற ஒரு நீளப் பாதையில் மனதை வைத்துவிட்டாள். போன வருஷம் ஒன்பதாம் நாள் முழங்கால் வீங்கி, பாதியில் இறங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை புலம்பவில்லை. காலணியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள், அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு என்னவோபோல் இருந்தது. இந்த வருஷம் மறுபடி கிளம்பினாள்.

நான் சொல்லப்போவது அந்த நடையின் பதினோராம் நாள். பாதி அவள் சொன்னது, பாதி மலைவிடுதிக்காரர் சொன்னது. இரண்டையும் ஒட்டுப் போட்டு எழுதுகிறேன்.

அந்தப் பாதையில் ஒரு ஏற்பாடு உண்டு. நடக்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே எண் போட்ட ஒரு தகர டோக்கன் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் நடைக்கு ஒரு விடுதி. ஒவ்வொரு விடுதியின் வாசலிலும் ஆணி அடித்த பலகை இருக்கும். போய்ச் சேர்ந்ததும் டோக்கனை அதில் மாட்ட வேண்டும், காலையில் கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்கள் என்று முந்தின விடுதிக்காரர் வயர்லெஸ்ஸில் அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார். சாயங்காலம் பலகையில் ஒரு டோக்கன் குறைந்தால் தேடப் போவார்கள். மூடுபனி இறங்கி, ஆள் வெளியே இருந்தால் மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எளிமையான ஏற்பாடு. இதில் கோட்டை விடுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அன்று காலை ஐந்தரைக்கு அவள் கிளம்பினாள். எண் பதினேழு. அந்த விடுதியிலிருந்து கிளம்பிய பதினொரு பேரில் மற்ற பத்துப் பேரும் இளவட்டங்கள், ஒரு மணி நேரத்தில் இவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அது அவளுக்குப் பிடிக்கும். பின்னால் யாரும் அவசரப்படுத்தாமல், தன் மூச்சுக்கு ஏற்றபடி நடக்கலாம். பைன் மரங்கள் முடிந்து வெறும் புல்வெளி வந்தது. புல்வெளி முடிந்து பாறை வந்தது. ஒரு மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால், பத்து நாளாக நடந்து வந்த மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அதையெல்லாம் தன் காலால் தாண்டி வந்தோம் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லையாம். அங்கேயே நின்று தன் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, “நல்லா இரு தாயி” என்று சொல்லியிருக்கிறாள். முழங்காலுக்கெல்லாம் நன்றி சொல்கிற பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மத்தியானம் ஒரு ஓடைக்கரையில் உட்கார்ந்து ரொட்டியும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டாள். வியர்வை பட்டால் காது மெஷின் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கழற்றி அதன் சின்ன டப்பாவில் போட்டு, ஒரு கல்மேல் வைத்துவிட்டு முகம் கழுவினாள். துடைத்தாள். தொப்பியைப் போட்டாள். முதுகுப்பையை மாட்டினாள். நடந்தாள். டப்பா கல்மேலேயே இருந்தது. மலையில் தனியாக நடக்கிறவளுக்குக் கேட்காதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஓடைக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு செங்குத்துப் பாறை உண்டு. அதன் இடுப்பில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய அகலத்தில் பாதையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பாறையில் இரும்பு வளையங்களை அடித்து, முனைக்கு முனை ஒரே சங்கிலியைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சுமார் இருநூறு எட்டு. நடுவில் ஓரிடத்தில் பாதை உடைந்து கிடக்கிறது. அங்கே கீழே பார்த்து, எதிர்ப்பக்கம் கால் வைக்கும் இடத்தைக் கண்ணால் கண்டு, ஒரே எட்டாகத் தாண்ட வேண்டும். வெயிலில் அவள் அதைச் சாதாரணமாகத் தாண்டி, இரண்டரை மணிக்கு விடுதி போய்ச் சேர்ந்தாள்.

சேர்ந்தவுடன் டோக்கனை மாட்டினாள். சலவைக்கூடத்திலும் உள்ளே போனதும் முதல் வேலை வருகைப் பலகையில் அட்டையை மாட்டுவதுதான், மறந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். முதுகுப்பையை மற்றவர்களின் பைகளோடு அலமாரியில் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் பத்துப் பேரும் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்காரர் இல்லை. தண்ணீர்க் குழாயில் அடைப்பு என்று அவர் பின்பக்கச் சரிவில் இறங்கிப் போயிருந்தார்.

அப்போது தூறல் விழ ஆரம்பித்தது. வெளியே கொடியில் விடுதியின் படுக்கை விரிப்புகள் ஆறு காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த துணி நனைவதைப் பார்த்துக்கொண்டு என் மனைவியால் சும்மா நிற்க முடியாது, அது அவள் சுபாவம். ஓடிப்போய் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்து, கூடப் பிடிக்க ஆள் இல்லாததால் ஒரு முனையை முகவாயில் இடுக்கிக்கொண்டு, ஆறையும் ஹோட்டல் முறையில் மடித்தாள். தையல் உள்ளே, ஓரங்கள் நேராக, கடைசி மடிப்பு வெளிப்பக்கம், ஒரு இழுப்பில் விரிய வேண்டும். அடுக்கி வைத்தால் ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது விடுதி நாய் எதிரில் நின்று அவளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து மயிர் சிலிர்த்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

என்னிடம் கேட்டிருந்தால், போனால் போகிறது வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மெஷினைக் காதுக்குப் பழக்க அவள் ஆறு மாதம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து நிமிஷ நடை, வெளிச்சம் இன்னும் நிறைய இருக்கிறது, பையில்லாமல் போனால் இன்னும் சீக்கிரம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். டோக்கன் பலகையில் தொங்கியது. பை அலமாரியில் இருந்தது. மழைக்கோட்டும் டார்ச்சும் பைக்குள் இருந்தன.

இந்தத் தப்பைப் புதிதாக மலை ஏறுகிறவர்கள் செய்யமாட்டார்கள். அவர்கள் பயந்துபோய் டோக்கனைக் கையோடு வைத்துக்கொண்டிருப்பார்கள். பழகிப்போனவர்கள்தான் செய்வார்கள்.

மூன்றரைக்கு விடுதிக்காரர் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தார். பலகையைப் பார்த்தார். பதினொரு டோக்கன். வயர்லெஸ்ஸை எடுத்து, “பதினொண்ணும் வந்தாச்சு” என்று முந்தின விடுதிக்குச் சொல்லிவிட்டார். அதோடு உலகத்தில் ஒருத்தருக்கும் அவள் வெளியே இருப்பது தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த நேரத்தில் நான் ஜன்னலில் உட்கார்ந்து, யாரோ ஒரு ஆளிடம், “பலகையிலதான் எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?” என்று எரிந்து விழுந்துகொண்டிருந்திருப்பேன்.

ஓடைக்கரையில் டப்பா இல்லை. ஏதாவது பிராணி உருட்டிவிட்டதோ, தண்ணீரில் விழுந்ததோ, கால் மணி நேரம் கல்லைக் கல்லாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. சரி போகட்டும் என்று திரும்பினாள். சங்கிலியைப் பிடித்துப் பாதி தூரம் வந்தபோது மூடுபனி இறங்கியது. மெதுவாக வரவில்லை. கதவைச் சாத்தியதுபோல் வந்தது. தன் காலணியே தெரியவில்லை என்றாள்.

உடைந்த இடத்துக்கு வந்துவிட்டதைக் காலால் தடவித் தெரிந்துகொண்டாள். தாண்ட வேண்டும். எதிர்ப்பக்கம் எங்கே என்று தெரியவில்லை. பாறை நனைந்து வழுக்குகிறது. திரும்பி ஓடைக்குப் போனால் அங்கே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. காது கேட்காது, கண்ணும் தெரியாது, மேலே ஒரு பருத்திச் சட்டைதான். இருட்ட இரண்டு மணி நேரம்கூட இல்லை. இருட்டினால் குளிர் அவளை விட்டுவைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

சலவைக்கூடத்தில் ஒரு விதி உண்டு. நீராவிக் குழாய் வெடித்து அறை வெள்ளையாகிவிட்டால் யாரும் ஓடக்கூடாது. கைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினைத் தொட்டுக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். ஓடினவர்கள்தான் சுட்டுக்கொண்டார்கள். அவளும் அதைத்தான் செய்தாள். பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாராவது வருவார்கள் என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் டோக்கன் ஞாபகத்துக்கு வந்தது. அது பலகையில் தொங்கும்வரை யாரும் தேடி வரப்போவதில்லை.

கத்திப் பார்த்தாளாம். தன் குரலே தனக்குக் கேட்காததால், உண்மையிலேயே கத்துகிறோமா, வாயை மட்டும் திறக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. நாயின் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்ததாம். பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன். “உங்களை நினைச்சேன்” என்றாள். நான் நெகிழ்ந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “நான் செத்துப்போனா, ‘அப்பவே சொன்னேன்ல’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீங்க. அந்த சந்தோஷத்தை உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு கையை இறுக்கிப் பிடிச்சேன்” என்றாள்.

விடுதியில் நாலரைக்கு டீ. விடுதிக்காரர் கெட்டிலை எடுக்கத் தாழ்வாரத்துக்கு வந்தவர், பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டார். ஆறு விரிப்பும் ஒரே அளவில் அடுக்கியிருந்தன. இருபத்திரண்டு வருஷமாக அந்த விடுதியில் துணியை உருட்டித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கேட்டார்.

“யாருப்பா அது, துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சது? ரொம்ப நன்றி. இப்படி ஒரு மடிப்பை நான் பாத்ததே இல்ல.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்க வீட்டம்மா மடிச்சிருப்பாங்கன்னு நெனச்சோம்” என்றான் ஒருவன்.

“எனக்கு ஏதுய்யா வீட்டம்மா?”

சொல்லிக்கொண்டே அவர் தலைகளை எண்ணினார். பத்து. மறுபடி எண்ணினார். பத்து. வெளியே ஓடிப் பலகையைப் பார்த்தார், பதினொன்று. அலமாரியைப் பார்த்தார், பை பதினொன்று. கை வேலை இருக்கிறது, ஆள் இல்லை. பையை வைத்துவிட்டு யாரும் முன்னால் போகமாட்டார்கள், எதையோ விட்டுவிட்டு எடுக்கத் திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒருவனை மணி அடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சும் விசிலுமாக ஓடினார்.

சங்கிலி ஆரம்பிக்கும் இடத்தில் நின்று விசில் ஊதினார். கூப்பிட்டார். நின்று கேட்டார். மறுபடி ஊதினார். பதில் இல்லை. சங்கிலிப் பாதையில் ஆள் இருந்தால் நூறு எட்டுத் தூரத்தில் விசில் கேட்காமல் போகாது. பதில் வராவிட்டால் அங்கே ஆள் இல்லை, கீழே சறுக்குச் சரிவில் தேட வேண்டும். அவர்கள் வழக்கம் அதுதான், தப்பான வழக்கமும் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அவர் சரிவில் இறங்கத் திரும்பினார். ஈரத்தில் கால் கொஞ்சம் சறுக்கியது. விழாமல் இருக்கச் சங்கிலியை எட்டிப் பிடித்தார்.

அந்தப் பிடி அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காற்று அசைப்பது வேறு, கை பிடிப்பது வேறு என்பது அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாகத் துணியின் மறுமுனையில் ஆள் வந்து நிற்பதை அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, கையால்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள். யோசிக்கக்கூட இல்லை. பலம் முழுவதையும் கூட்டிச் சங்கிலியை இரண்டு தடவை சுண்டினாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். கல் ஏதும் விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாராம். சோதித்துப் பார்க்க ஒரு தடவை இழுத்தார். இரண்டு தடவை திரும்பி வந்தது. மறுபடி ஒரு தடவை. மறுபடி இரண்டு. கல்லுக்கு எண்ணத் தெரியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

மூடுபனியில், நனைந்த பாறையில், அந்தப் பாதைக்குள் போகக்கூடாது என்பது விதி. அவர் போனார். பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று ஒரு தடவை இழுத்தார், ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. உடைந்த இடத்துக்கு இந்தப்பக்கம் வந்து டார்ச்சை அடித்தபோது, எதிரே ஒரு பெண் உதடு நீலமாக உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அதைத் தாண்டுகிற கால் அவருடையது. கண் தெரியாமலே தாண்டினார். தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டார். கீழே எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவள் காலணியைப் பிடித்தே காட்டினார்.

“ஏம்மா, இவ்வளவு ஊதறேன், ஒரு குரல் குடுக்கக் கூடாதா?” என்று அவர் கத்தியிருக்கிறார். அவள் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, முன்னால் நின்று அவளை விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு மேல் என் போன் அடித்தது. தெரியாத எண். ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். எடுத்தேன்.

“உங்க வீட்டுக்காரம்மா பத்திரமா இருக்காங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன். மத்ததை அப்புறம் சொல்றேன்” என்றது ஒரு குரல்.

அந்த மனிதருக்கு நான் பட்ட கடனில் முதல் கடன், நல்லதை முதலில் சொன்ன அந்த வரிசைதான். வேறு யாராக இருந்தாலும் ‘மலைவிடுதியிலேருந்து பேசறேன், ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்திருப்பார்கள், நான் அங்கேயே சாய்ந்திருப்பேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். எதிரில் பெட்டியோடு நின்ற பெரியவர், “தம்பி, எத்தனாவது பிளாட்பாரம்னு...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அவகிட்ட போனைக் குடுங்க அண்ணே” என்றேன்.

“குடுத்தா என்ன, அவங்களுக்குக் கேக்காதே. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக் காட்டறேன்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். டோக்கனை மாட்டிவிட்டு எவளாவது வெளியே போவாளா, கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியாதா, ஐம்பத்தொரு வயதில் இது என்ன விளையாட்டு. மூச்சு விடாமல் பொரிந்தேன்.

“இவ்வளவையும் எழுத என்கிட்ட தாள் இல்லீங்க” என்றார் அவர். “வேணும்கிறதை மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணு, அவங்களே ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. நாளைக்குக் காலையில இங்கேருந்து ஜீப் கீழ இறங்குது. இன்னும் மூணு நாள் நடை பாக்கி இருக்கு. டாக்டர்கிட்ட வயர்லெஸ்ஸில பேசிட்டேன், உடம்புக்கு ஒண்ணுமில்ல. மெஷின் இல்லாம நடப்பேன்னு சொல்றாங்க. ஆனா, ‘அவர் ரொம்பப் பயந்து போயிருந்தா ஜீப்பில வந்துடறேன், கேட்டுச் சொல்லுங்க’ங்கிறாங்க.”

ஜீப்பில் வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வந்திருப்பாள். வந்து காலணியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போயிருப்பாள். போன வருஷத்து அந்த முகத்தை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். கைக்குத் திரும்பிக் கிடைத்தவளை அப்படி ஒரு முகத்தோடு வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“எழுதிக்குங்க அண்ணே” என்றேன். “எனக்கு ரொம்பப் பயமாத்தான் இருக்கு.”

“...பயமாத்தான் இருக்கு. எழுதிட்டேன்.”

“நீ நடந்து முடிச்சுட்டே வா.”

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, தன் குரல் தனக்குக் கேட்காததால் இரண்டு மடங்கு சத்தமாக, அவள் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. படித்து முடித்ததும் அழுதாள். பதினோரு நாளில் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

நான் விடுதிக்காரருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்.

“எனக்குச் சொல்லாதீங்க. டோக்கனை எண்ணிட்டு ஆளை எண்ணாம விட்டவன் நான். அவங்க துணியை மடிச்சு வைக்காம இருந்திருந்தா நான் டீ குடிச்சுட்டுப் படுத்திருப்பேன். அதை நெனச்சா எனக்கே சோறு இறங்கல. இனிமே அடுத்த விடுதிக்காரனுங்க என்ன செய்யணுமோ நான் சொல்லிக்கறேன். நீங்க போனைப் பக்கத்துல வெச்சுக்குங்க.”

அவர் சொன்னதன் அர்த்தம் மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. வேறொரு எண்ணிலிருந்து போன் வந்தது, வேறொரு குரல். “பன்னண்டாம் நாள் விடுதி. உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. டோக்கனைப் பாத்துச் சொல்லல, ஆளையே பாத்துட்டுத்தான் சொல்றேன். சூப் குடிக்கிறாங்க.” அதற்கடுத்த நாள் இன்னொரு குரல், ஒரு பெண். “ஆளையே பாத்துட்டுத்தான் சொல்றேன். கால்ல ஒரு கொப்புளம், மருந்து போட்டாச்சு.” இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. இன்று வரை முகம் பார்த்ததில்லை. அந்த இரண்டு நாளும் ராத்திரி நான் தூங்கியது அவர்கள் தயவில்தான்.

பதினாலாம் நாள் நாலு மணிக்கே போன் வந்தது. அன்றைக்கும் வரிசை நீளமாக இருந்தது.

“நான்தான்” என்றாள். கத்தினாள் என்று சொல்ல வேண்டும். “நீங்க பேசறது எனக்குக் கேக்காது. நான் பேசறேன், கேளுங்க. முடிச்சுட்டேன். முழுசா நடந்து முடிச்சுட்டேன். ரெண்டு காலும் நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில பஸ்ஸு. உங்க ஜன்னலுக்குத்தான் வந்து நிப்பேன், எந்த பிளாட்பாரம்னு கேக்க மாட்டேன். வெச்சுடட்டுமா?”

அவள் வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை. “நல்லா இரு” என்றேன். “நீ வந்ததே போதும்” என்றேன். இருபத்தாறு வருஷமாகச் சொல்லாமல் விட்ட என்னென்னவோ வாயில் வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பெட்டியும் மூட்டையுமாக நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.